டின் காக்டெய்லும் சுட்ட உருளைக்கிழங்கும்: ஊட்டச்சத்தை ஒப்பிடும் முறை

மூணாற்றிலிருந்து சுற்றுலாப் பயணிகள் வட்டவடை வரை வருவதால், கோவிலூரில் எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்து வரப்பிலும் காலி டின்கள் கிடக்கின்றன. அப்படிக் கிடந்த ஒரு காக்டெய்ல் (மது கலந்த இனிப்புப் பானம்) டின்னை எடுத்து வந்த அக்கா மகன், “இதில் உள்ள கலோரியும் நம் கிழங்கில் உள்ள கலோரியும் ஏறக்குறைய ஒன்றுதானாமே, மாமா?” என்று கேட்டான். அவனை உட்கார வைத்துப் போட்டுக் காட்டிய கணக்கை அதே வரிசையில் இங்கே தருகிறேன்.

படி 1: கிழங்கைச் சுட்ட பிறகு நிறுங்கள். கனலை ஒதுக்கிவிட்டுச் சுடுசாம்பலில் கிழங்கைப் புதைத்து, தோல் சுருங்கி ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கும்போது எடுத்து, சாம்பலைத் துடைத்துத் தராசில் வையுங்கள். சுடும்போது ஈரம் ஆவியாகி எடை குறைந்துவிடும். பச்சைக் கிழங்கின் எடையைச் சுட்ட கிழங்குக்கான ஊட்டச்சத்து அட்டவணை எண்ணோடு பெருக்கினால் விடை கூடுதலாக வரும். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எங்கள் கிழங்கு 150 கிராம் இருந்தது.

படி 2: அட்டவணை எண்ணைப் பெருக்குங்கள். தோலோடு சுட்ட கிழங்கு 100 கிராமில் சுமார் 93 கலோரி, 21 கிராம் மாவுச்சத்து, 2.5 கிராம் புரதம், 2.2 கிராம் நார்ச்சத்து, 535 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளன. இவற்றை ஒன்றரையால் பெருக்கினால் எங்கள் கிழங்கில் 140 கலோரியும் 800 மில்லிகிராம் பொட்டாசியமும் இருப்பது தெரியும். மேலே 10 கிராம் வெண்ணெய் வைத்தால் இன்னும் 72 கலோரி சேரும்.

படி 3: டின்னில் உள்ள மதுவைக் கிராமாக மாற்றுங்கள். எங்கள் டின் 330 மில்லி, மதுவின் அளவு 5 சதவீதம். அந்தச் சதவீதம் கொள்ளளவைக் குறிப்பது என்பதால், 330-இல் 5 சதவீதமான 16.5 மில்லியை 0.789 என்னும் அடர்த்தியால் பெருக்க வேண்டும். விடை 13 கிராம். மது ஒரு கிராமுக்கு 7 கலோரி தருகிறது, ஆகவே மதுவிலிருந்து மட்டும் 91 கலோரி. சர்க்கரை 100 மில்லிக்கு 6 கிராம் என்று அச்சிட்டிருந்ததால், முழு டின்னில் சுமார் 20 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 80. மொத்தம் 171. சர்க்கரை அளவு அச்சிடப்படாத டின்னாக இருந்தால் ஊகித்து நிரப்பாமல், “குறைந்தது 91” என்று மட்டும் எழுதுங்கள்.

படி 4: இரண்டையும் 100 கலோரிக்குக் கொண்டுவாருங்கள். அந்த அளவுக் கிழங்கில் 575 மில்லிகிராம் பொட்டாசியமும் தலா இரண்டரை கிராம் அளவில் புரதமும் நார்ச்சத்தும் கிடைக்கின்றன. காக்டெய்லின் 100 கலோரியில் ஏறத்தாழ 53 மதுவுக்கும் 47 சர்க்கரைக்கும் போய்விடுகின்றன. பழச்சாறு கலந்த வகையில் சிறிது வைட்டமின் இருக்கலாம்; புரதமும் நார்ச்சத்தும் பெயரளவுக்குக்கூட இல்லை. மேலும், உடலால் மதுவைச் சேமித்து வைக்க முடியாததால், மற்ற வேலைகளைத் தள்ளி வைத்து ஈரல் முதலில் அதைத்தான் எரிக்கிறது. கலோரிக் கணக்கில் இது எங்குமே தெரியாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சுட்ட உருளைக்கிழங்கின் மாவுச்சத்து இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியது. அதனால் அம்மாவின் தட்டில் பாதிக் கிழங்கை மட்டும் வைத்து, பக்கத்தில் எங்கள் தோட்டத்து பீன்ஸைப் பொரியலாக வைக்கிறோம்.