ஆறு பெட்டியும் பாடுகிறது, ஆனால் அது 5.1 தானா?

எங்கள் வீட்டு ஹால் 11-க்கு 13 அடி. ஹோம் தியேட்டர் மாட்டிய புதிதில் எட்டு மாதம், ஹீரோ பேசினால் சோபாவுக்குப் பின்னாலிருந்தும் அவரே பேசுவார். நானும் இதுதான் சரவுண்ட் என்று நம்பி, வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். விஷயம் என்னவென்றால் டிவி அனுப்பியது வெறும் ஸ்டீரியோ, அதாவது இடது, வலது என்று இரண்டே தடம். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் அதையே எல்லாப் பெட்டிக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தது.

நிஜ 5.1-இல் ஆறு ஒலித்தடங்களும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். முன்னால் இடது, நடு, வலது, பின்பக்கம் இரண்டு சரவுண்ட், ஆக ஐந்து. மிச்சமுள்ள '.1' தடித்த, அதிரும் ஒலிக்கான வூஃபர் பெட்டிக்கானது, சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வு மட்டும்தான் அதில் வரும், அதனால்தான் அதை முழு சேனலாகக் கணக்கில் எடுப்பதில்லை. வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான். பின்னால் மழை, கூட்டத்தின் இரைச்சல், தலைக்கு மேல் போகும் ஹெலிகாப்டர் மாதிரி சங்கதிகள். பல காட்சிகளில் பின் ஸ்பீக்கர்கள் சும்மாவே இருக்கும், ரிப்பேர் என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

அதனால் ஸ்பீக்கரை நகர்த்துவதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஆடியோ ஒயர் ஒரு ஜோடி மட்டும் டிவியிலிருந்து வருகிறதென்றால் அதில் ஸ்டீரியோவுக்கு மேல் வராது. எச்டிஎம்ஐ என்றால் டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் ஓட்டையில்தான் செருக வேண்டும், பக்கத்து ஓட்டையில் செருகினால் டிவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பாது. ஆப்டிகல் ஒயரும் டால்பி டிஜிட்டல் என்ற ஒலி வடிவத்தில் வரும் 5.1-க்குப் போதும். அப்புறம் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் ஸ்டீரியோவாகச் சுருக்கித்தான் அனுப்பும், அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள். என் எட்டு மாதக் கூத்துக்குக் காரணம் இந்த ஒரு வரிதான். 5.1 என்று போட்டிருக்கும் படத்தை ஓடவிட்டு ரிசீவரின் டிஸ்ப்ளேயில் டால்பி அல்லது அதே மாதிரி இன்னொரு வடிவமான டிடிஎஸ் என்று வருகிறதா பாருங்கள். யூடியூபை வைத்துச் சோதிக்க வேண்டாம், அங்கே பெரும்பாலும் ஸ்டீரியோதான்.

சரி, இப்போது இன்ச் டேப்பை எடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து முன் ஸ்பீக்கர் 8 அடி தூரம் என்றால், இடதுக்கும் வலதுக்கும் நடுவிலும் 8 அடி விடுங்கள், அதாவது சம பக்க முக்கோணம், அதன் ஒரு முனையில் உங்கள் தலை. ஷோகேஸ் அவ்வளவு அகலம் இல்லை என்றால் ஸ்டூலில் வையுங்கள், பரவாயில்லை. நடு ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, அலமாரிக்குள் தள்ளி வைக்காமல் விளிம்புக்கு இழுத்து, முகம் லேசாக மேலே பார்க்கும்படி. அதற்கு இடமே இல்லையா? ரிசீவர் செட்டிங்கில் சென்டர் ஸ்பீக்கர் இல்லை என்று சொல்லிவிடுங்கள், வசனத்தை முன் இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். சொல்லாமல் விட்டால் பாட்டும் சண்டையும் கேட்கும், பேச்சு கேட்காது.

சரவுண்ட் இரண்டையும் பலர் பின் சுவரின் மூலையில், கூரையை ஒட்டி ஆணி அடித்து மாட்டுகிறார்கள். தேவையில்லை. காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால், காது மட்டத்துக்கு ஒன்றிரண்டு அடி மேலே இருந்தால் போதும். சோபா பின் சுவரோடு ஒட்டியிருந்தால் பக்கச் சுவரிலேயே மாட்டிவிடலாம்.

ஒயர் மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. முன் ஸ்பீக்கர் ஒன்றில் மட்டும் மாறிப்போனால் சத்தம் வரத்தான் செய்யும், ஆனால் பேஸ், அதாவது தடித்த அடி ஒலி, செத்துப்போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

வூஃபர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் தேவை. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல், அதனால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, ஆனால் அறையில் ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமலே போகும். மூலையில் வைத்தால் அதிகமாகக் கேட்கும், கூடவே குழப்பமாகவும். ஆகவே வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே சத்தம் திரளாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கேதான் வூஃபர். வீட்டில் சிரிப்பார்கள், என் வீட்டில் வீடியோவே எடுத்தார்கள்.

கடைசியாக ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து கொடுங்கள். ஒலி ஒரு மில்லிநொடியில் ஓரடிக்குச் சற்று மேல்தான் போகும். உங்களுக்குக் கிட்டே உள்ள ஸ்பீக்கரை ரிசீவர் அந்தக் கணக்கில் தாமதப்படுத்தி எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து சேரும்படி செய்யும். பிறகு ரிசீவரில் உள்ள சோதனை ஒலியான டெஸ்ட் டோனை ஓடவிட்டு, சோபாவில் உட்கார்ந்தபடி போனில் உள்ள சவுண்ட் மீட்டர் ஆப்பைப் பார்த்து ஐந்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஐந்தும் ஒன்றாக இருந்தால் சரி. வசனம் இன்னும் மங்கலாக இருந்தால் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றுங்கள். இரவில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார் என்றால் 'நைட் மோட்' இருக்கிறதா தேடிப் பாருங்கள், குண்டு வெடிப்பை அமுக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிவிடும்.