முப்பது நாள் குட்டியை வாங்காதீர்கள்: நாயின் குணத்தைக் கெடுக்கும் தவறுகள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு நாய்கள் மீது இளைஞர்களுக்கு ஆர்வம் பெருகியிருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் "வளர்த்த நாயே கடித்துவிட்டது" என்று பயிற்சிக்குக் கொண்டுவருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால், நாங்கள் தொடக்கக் காலத்தில் செய்த அதே தவறுகள் அப்படியே தொடர்கின்றன. தடுப்பூசி, உணவு போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். "இப்போதே எடுத்தால்தான் உங்களோடு ஒட்டும்" என்று சொல்லி, 28 நாள், 30 நாள் குட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இது பொய். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன.

அவசரத்துக்குக் காரணம் வேறு. நான்காவது வாரத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. ஏழெட்டுக் குட்டிகளுக்குத் தீனி போட வேண்டும். ஆறாவது வாரத்திலிருந்து தடுப்பூசிச் செலவு. இடையில் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் தாக்கினால் ஈற்று முழுவதும் போய்விடலாம். சாவதானால் வாங்கியவர் வீட்டில் சாகட்டும் என்பதே விற்பவரின் கணக்கு.

அந்த நான்கு வாரங்களில் குட்டி எதை இழக்கிறது? பல் முளைத்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். பலமாகக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். மடியில் பல் பட்டால் தாய் உறுமி விலகும். எவ்வளவு அழுத்தமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது இப்படித்தான். மனிதர்கள் இதைச் சொல்லிக்கொடுப்பது மிகக் கடினம்.

சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான்கு வாரத்தில் வாங்கிய ராஜபாளையம். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விடக் கூடாது என்று மாடி அறையிலேயே வைத்திருந்தார்கள். தெருவையோ அந்நிய முகத்தையோ அது கண்டதில்லை. எட்டு மாதத்தில், பந்தைப் பிடுங்கிய சிறுவனின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. வெறியில் கடிக்கவில்லை, விளையாட்டில் கடித்தது. அன்றே சங்கிலியில் கட்டினார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது சங்கிலியைத் தொடுவதற்குக்கூட யாரையும் விடவில்லை. "ரத்தமே கெட்டது" என்றார் தந்தை. தாயைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை நாயின் மனம் திறந்திருக்கும் காலம். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் 1950களிலும் 60களிலும் இதை ஆராய்ந்தார்கள். பதினான்கு வாரம்வரை மனிதரோடு பழகாமல் வளர்ந்த குட்டிகள் பிறகும் மனிதரைக் கண்டு அஞ்சியே நின்றன. எனவே தாயோடு எட்டு வாரம் இருக்கட்டும்; அங்கேயே மனிதர்கள் தினமும் தூக்கிப் பழக்கட்டும். வீட்டுக்கு வந்தபின், தடுப்பூசிகள் முடியாவிட்டாலும் மடியில் வைத்து வாசலில் உட்காருங்கள். பஸ், தொப்பிக்காரர், குடை, குழந்தைகள் எல்லாவற்றையும் பார்க்கட்டும். தரையில் விடாதீர்கள், போதும்.

தாயைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது

கடுவனின் புகைப்படத்தைக் காட்டி விற்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டையை. அது மூலையில் ஒடுங்கினாலோ, கம்பிக்குப் பின்னாலிருந்து பாய்ந்தாலோ, திரும்பி வந்துவிடுங்கள். அச்சம் பரம்பரையாகவும் வரும், தாயைப் பார்த்தும் வரும்.

உடன்பிறந்தவற்றை இணை சேர்ப்பது

வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வெள்ளை நிறம் ஒன்றையே பார்ப்பது

தூய வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. நிறமி இன்மையும் செவிட்டுத்தன்மையும் நாய்களில் தொடர்புடையவை. உறங்கும்போது தொட்டவரைத் திடுக்கிட்டுக் கடித்துவிட்டு, கெட்ட நாய் என்று பெயர் வாங்கிய செவிட்டு ராஜபாளையங்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் குட்டியின் பார்வையில் படாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பலாம் என்பதால் தனியாக வைத்துச் சோதியுங்கள்.

நாள் முழுவதும் கட்டிப்போட்டால் காவல் காக்கும் என்று நம்புவது

காக்காது. வருவோர் போவோர் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். அவிழ்ந்த அன்று யாரையாவது கடிக்கும்.

உறுமினால் அடிப்பது

உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. சாப்பிடும்போது உறுமுகிறதா? தட்டைப் பிடுங்காதீர்கள். சற்றுத் தொலைவில் நின்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஈரல் துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்களைக் கண்டதும் அதன் உடல் இறுகாமல் இருந்தால் மறுநாள் ஓரடி நெருங்கலாம். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அதுவரை நாய்க்குத் தனி இடத்தில் சோறு வையுங்கள்.