முத்தத்துல நாலு பேர் இருக்க ஒரு இடம் செய்றது எப்பிடி

ரெண்டு வருசத்துக்கு முதல் நம்மட வாசலுக்கு முன்னால கிடந்த மணல் முத்தத்தை மூடி ஒரே தட்டா கொங்கிறீட் போட்டன். பாக்க நல்ல வடிவு. ஆனா சித்திரை மாசம் மத்தியானம் செருப்பில்லாம கால் வைக்க ஏலாது, பின்னேரம் ஆறு மணியானாலும் கீழ இருந்து வெக்கை கிளம்பிக்கொண்டே இருக்கும், மறுகா மார்கழி மழை வரக்குள்ளதான் தெரிஞ்சிது சரிவு வீட்டுப் பக்கமா விழுந்திரிக்கெண்டு, தண்ணி நேரா விறாந்தைக்குள்ள. அம்மா விளக்குமாறோட நிண்டு தள்ளிக்கொண்டு "மணல்ல பாய் விரிச்சி இருந்த நமக்கு எதுக்கு மனே இது" எண்டா. பாதியை உடைச்சித் திருப்பிச் செய்தன். இப்ப புதுசா வீடு கட்டின ரெண்டு மூணு பேர் வெளியில இருக்கிற மாதிரி ஒரு இடம் எப்பிடிச் செய்றதெண்டு கேட்டிருந்தாங்க, அதுக்குத்தான் இது.

1. ஒண்டும் வாங்காதீங்க, முதல்ல கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் இருங்க

ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து வளவுல நாலு இடத்துல காலமை, மத்தியானம், பின்னேரம் நாலு மணி எண்டு இருந்து பாருங்க. ஒரு நாள் பாத்தாக் காணாது. ஏனெண்டா வெயில் வருசம் முழுக்க ஒரே பக்கத்தால போறேல்ல. மட்டக்களப்பு கிட்டத்தட்ட வடக்கு 7.7 பாகையில இருக்கு, அதால ஏப்ரல் ரெண்டாம் கிழமையளவிலயும் செப்டம்பர் தொடக்கத்துலயும் மத்தியானச் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல. இந்த ரெண்டுக்கும் இடைப்பட்ட மாசங்கள்ல மத்தியானம் சூரியன் கொஞ்சம் வடக்கால போகும், மத்த மாசங்கள்ல தெற்கால. தை மாசத்துல வீட்டுக்கு வடக்குப் பக்கம் குளுகுளுவெண்டு நிழலா இருக்கெண்டு அங்க வாங்கு கட்டினீங்கண்டா ஆனி மாசம் மத்தியானம் வெயில் உங்கட மடியில இருக்கும்.

பின்னேரம் இருக்கிறதுக்கு நல்லது வீட்டுக்குக் கிழக்குப் பக்கம், மத்தியானம் திரும்பினாப் பிறகு வீடே நிழல் தரும், கடக்கரைப் பக்கமெண்டா கடல் காத்தும் அந்தப் பக்கத்தாலதான் வரும். மேற்குப் பக்கம் மட்டும்தான் இடமிருக்கெண்டா ஒரு விசயம் விளங்கிக்கொள்ளுங்க, நாலு மணி வெயில் சரிஞ்சி வாறதால கூரைக்குக் கீழால நுழைஞ்சிடும், எவ்வளவு பெரிய கூரை போட்டாலும் சரி. அங்க தேவை கூரையை விட மறைப்புத் தட்டிதான். அதோட ஆனி, ஆடி மாசங்கள்ல கச்சான் அடிக்கிறதும் மேற்கால இருந்துதான், மலை தாண்டி ஈரமெல்லாம் விட்டிட்டு வாற காத்து, உடம்பைச் சுட்டுப் போட்டுப் போகும்.

மழை பெய்யக்குள்ள குடையோட இறங்கி எங்க தண்ணி நிக்குதோ அங்க ஒரு குச்சி நடுங்க. எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கால, கடக்கரைப் பக்கம்) மணல்தானே, இழுத்திடும் எண்டு நினைக்காதீங்க, கார்த்திகை மார்கழியில நிலத்தடித் தண்ணி மேல வந்திட்டா மணலும் இழுக்காது. வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைக் களிமண்ணைப் பத்திச் சொல்லவே தேவையில்ல.

கடைசியா மேல பாருங்க. தென்னைக்குக் கீழ இருக்கவே இருக்காதீங்க, தேங்காய் மட்டுமில்ல காய்ஞ்ச மட்டை விழுந்தாலும் மண்டை போகும். முருங்கையும் காத்துக்கு மளுக்கெண்டு முறியும்.

2. கயிறு கட்டி அளவு பிடிக்கிறது

எத்தினை பேர் உண்மையிலயே இருப்பாங்க? கலியாண வீட்டுக் கூட்டத்தை நினைச்சிக் கட்டாதீங்க, ஒவ்வொரு நாளும் இருக்கப்போற ஆக்களை எண்ணுங்க. ரெண்டு கதிரையும் தேத்தண்ணி வைக்க ஒரு ஸ்டூலும் எண்டா 6 அடிக்கு 6 அடி காணும். நாலு பேர் மேசையில இருந்து சாப்பிடோணுமெண்டா 10க்கு 10 வேணும், ஏனெண்டா கதிரையைப் பின்னால இழுத்து எழும்புறதுக்கே மேசை விளிம்புல இருந்து 3 அடி போயிடும், இதை எல்லாரும் மறக்கிறது.

நாலு ஆப்பு அடிச்சிக் கயிறு கட்டுங்க. மூலை சரியா இருக்கோ எண்டு பாக்க ஒரு பக்கம் 3 அடி, மத்தப் பக்கம் 4 அடி அளந்து அடையாளம் போட்டு ரெண்டு அடையாளத்துக்கும் இடையில அளங்க, 5 அடி வந்தா மூலை சரி. மறுகா கயித்துக்குள்ள உங்கட மேசை கதிரையை அப்பிடியே வச்சி மூணு நாள் விடுங்க. நம்மட வீட்டுல கயிறு கட்டின முதல் நாளே பிழை தெரிஞ்சிது, மோட்டச் சைக்கிள் உள்ளுக்கு எடுக்க வழியில்ல, அம்மாட உடுப்புக் கொடியும் நடுவுல. 4 அடி தள்ளினன். கயித்தைத் தள்ளக் காசில்ல, கொங்கிறீட்டைத் தள்ளத்தான் காசு.

3. ஒரு பேப்பர்ல கீறுங்க

புள்ளைகளிட சதுரக்கோட்டுக் கொப்பியில ஒரு பெட்டி ஒரு அடி எண்டு வச்சிக் கீறினாப் போதும், ஆக்கிடெக்ட் தேவையில்ல. கிணறு, தண்ணி பைப் போற பாதை, கக்கூசுக் குழி, மரம், கரண்ட் வயர் எல்லாம் அதுல இருக்கோணும். கக்கூசுக் குழி மூடிக்கு மேல கல்லைப் பதிச்சிட்டு மறுகா குழி இறைக்கிற பவுசர் வாற அண்டைக்கு அலவாங்கோட நிக்கிற ஆக்களைக் கண்டிருக்கன்.

4. நிலம், இதுலதான் நேரம் செலவழியுங்க

மணல் முத்தம் இருந்தா முழுக்க மூடாதீங்க. கதிரை வைக்கிற இடத்துக்கு மட்டும் இன்டர்லொக் கல்லுப் போட்டு மத்ததை மணலா விடுங்க, மழைத்தண்ணி இறங்க இடம் இருக்கும், வெக்கையும் குறையும்.

கல்லுப் பதிக்கிறதெண்டா கல்லு கிட்டத்தட்ட 2½ இஞ்சி, அதுக்குக் கீழ மணல் ஒரு இஞ்சி, அதுக்குக் கீழ இறுக்கின கிறவல் 4 இஞ்சி, ஆக 7½ இஞ்சி தோண்டோணும். 10க்கு 10 இடத்துக்கு 4 இஞ்சி கிறவலெண்டா 33 கன அடி. நம்மட பக்கம் விக்கிறது கியூப் கணக்குல, ஒரு கியூப் 100 கன அடி, அப்ப மூணுல ஒரு பங்கு. ஆனா இடிச்சி இறுக்கக்குள்ள அமந்து போகும், அதால அரை கியூப் எடுங்க. கிறவலை ஒரேயடியாக் கொட்டி இடிக்காம ரெண்டு தரமாப் போட்டுத் தண்ணி தெளிச்சி இடியுங்க. இடிக்கிற மெசின் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தா நாரி தப்பும்.

சரிவு வீட்டுல இருந்து வெளியால போகோணும், 4 அடிக்கு ஒரு இஞ்சி. நான் கோட்டை விட்ட இடம் இதுதான், கண்ணால பாத்து "சரி சரி" எண்டு விட்டது. நல்ல தெரியிற மாதிரியான பிளாஸ்டிக் ரியூப்ல தண்ணி விட்டு ரெண்டு முனையையும் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அதை வீட்டுப் பக்க ஆப்புலயும் வெளிப்பக்க ஆப்புலயும் அடையாளம் போட்டு, வெளிப்பக்கம் அந்தக் கோட்டுல இருந்து 10 அடிக்கு 2½ இஞ்சி இறக்கிக் கயிறு கட்டுங்க. ரியூப்புக்குள்ள காத்துக் குமிழி நிண்டா மட்டம் பொய் சொல்லும், தட்டித் தட்டி வெளியேத்துங்க.

ஓரத்துக்கு நாலு பக்கமும் சீமெந்துக் கட்டு கட்டாயம். மணல் நிலத்துல கட்டில்லாட்டி ஒரே மாரியில கல்லெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நடந்திடும். கடைசியா இடுக்குல காய்ஞ்ச மணலைக் கொட்டித் தும்புத்தடியால கூட்டி நிரப்புங்க. கடக்கரை மண் வேணாம், உப்பு, அதோட பெர்மிட் இல்லாம அள்ளுறது சட்டப்படி குத்தம்.

5. நிழல்

என்னைக் கேட்டா கிடுகுதான், பின்னின தென்னோலை. தகரம் நிண்டு பிடிக்கும், ஆனா மத்தியானம் அடியில இருக்க ஏலாது, மழை பெஞ்சா கதைக்கிறது கேக்காது. கிடுகை ஒண்டு ரெண்டு வருசத்துல மாத்தோணும், அது உண்மை, ஆனா அடியில இருக்கிற குளிர்ச்சி வேற ஒண்டுலயும் இல்ல. கூரையை நல்லாச் சரிச்சிக் கட்டுங்க, 45 பாகைக்குக் கிட்ட, தட்டையாக் கட்டினா தண்ணி ஓடாம ஊறி ஒழுகும், கெதியா உக்கிடும்.

காலைச் சும்மா மணல்ல நட்டு விடாதீங்க. 1978 நவம்பர் 23 சூறாவளியில கூரை போன கதை நம்மட ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கு, அவ்வளவு காத்து வேணாம், சாதாரண மாரிக் காத்தே நிலத்துல பிடிப்பில்லாத கொட்டிலைத் தூக்கிடும். 2 அடி ஆழத்துக்குக் கொங்கிறீட் போட்டு அதுக்குள்ள ஒரு கம்பித் தகடு வச்சி மரக்காலை அதுல போல்ட் பண்ணினா கால் மண்ணுல முட்டாது, கறையானும் சுகமா ஏறாது.

மேற்குப் பக்க மறைப்புக்கு ஒரு பந்தல் கட்டிக் கொடித்தோடையை ஏத்தி விடுங்க. ஒரு வருசத்துக்குள்ள மூடிடும், பழமும் கிடைக்கும். வேம்பு நடுறதெண்டா நடுங்க, நிழலுக்குச் சில வருசம் பொறுக்கோணும்.

6. இருக்கிறது, லைட், நுளம்பு

கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடெண்டா இரும்புக் கதிரை வாங்காதீங்க, பெயின்ட் உரிஞ்ச இடத்துல உப்புக் காத்து புகுந்திடும். கல்லால கட்டுற வாங்கு 1½ அடி உயரம், அதே அளவு அகலம். வயசான ஆக்கள் இருக்கிற வீடெண்டா சாய மதிலோட ஒட்டிக் கட்டுங்க.

லைட்டுக்கு மஞ்சள் வெளிச்சம் போடுங்க, வெள்ளையை விடப் பூச்சி குறைவா வரும். வயரைப் பைப்புக்குள்ளால எடுங்க, ரிப் சுவிச் (கரண்ட் ஒழுகினாத் தானா லைனை நிப்பாட்டுற சுவிச்) இல்லாத லைன்ல இருந்து முத்தத்துக்குக் கரண்ட் எடுக்கவே வேணாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க, இதுல கை வச்சிப் பழகாதீங்க. பூச்சாடிக்குக் கீழ வைக்கிற தட்டு, சிரட்டை, பழைய டயர், இதுகள்ல தண்ணி நிண்டா டெங்கு நுளம்புக்குத்தான் நீங்க இடம் கட்டிக் குடுத்ததாப் போகும்.

எப்ப தொடங்கிறது? நிலவேலையை மாசி, பங்குனியில தொடங்கினா மண் காய்ஞ்சி இருக்கும், கூரையை ஒக்டோபருக்கு முதல் முடிச்சிடுங்க. இப்ப மாரி தொடங்கிட்டுதெண்டா ஒண்டும் செய்யாதீங்க, குடையை எடுத்துக்கொண்டு குச்சி நடப் போங்க.