ஓர் ‘உம்’, ஓர் ‘ஏ’: சபைப் பிரிவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதம்

பிள்ளைகளை நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் சபை வரலாறு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது சென்னையில் எங்கள் சபையின் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன்.

முதல் வருஷம் கரும்பலகை முழுக்க ஆண்டும் பெயருமாக எழுதிப்போட்டேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண். அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அம்மா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). “டீச்சர், அப்போ எங்க வீட்டுல யாரு சரி?” என்று கேட்டாள். பலகையில் இருந்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வி அவள் வீட்டில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றோடு முறையை மாற்றினேன். கிளை பிரியும் இடத்தில் பெயரை எழுதாதீர்கள். எந்தக் கேள்வியில் பிரிந்தார்களோ அந்தக் கேள்வியை எழுதுங்கள். பெயர் பிறகு தானாக வந்து சேரும்.

பழைய மாதக் காலண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தாள்களையும் வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி ஒட்டினால் நீளமாக ஒரே தாள் கிடைக்கும். தலைப்பில் ‘எருசலேம்’ என்று எழுதி அங்கிருந்து ஒரே ஒரு கோடு இழுங்கள். இரண்டு வாரம் வரைக்கும் அந்தக் கோடு பிரியக் கூடாது.

முதல் வாரம் அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தை வாசிக்க வையுங்கள். ஆவியானவர் சீஷர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் ஞானஸ்நானம் பெற்ற சுமார் மூவாயிரம் பேரும் யூத மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். தேவாலயத்துக்குத் தினமும் போனார்கள், அப்பத்தை வீடுகளில் பிட்டார்கள். ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயரே பிறகு அந்தியோகியாவில்தான் வந்தது (அப். 11:26). கோபுரமும் மணியும் இல்லாத சபையைப் பிள்ளைகளால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அதற்கு நான் செய்வது இது. சிரியாவில் யூப்ரத்தீஸ் நதிக்கரையில் தூரா யூரோப்போஸ் என்ற ஊரில், 240 வாக்கில் சபை கூடுவதற்காக மாற்றிக் கட்டிய வீடு ஒன்றை 1930களில் தோண்டி எடுத்தார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருந்தார்கள். ஏறத்தாழ 5க்கு 13 மீட்டர். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். அந்தக் கூடத்தின் அளவைச் சாக்பீஸால் தரையில் வரைந்து பிள்ளைகளை உள்ளே உட்காரச் சொல்லுங்கள். நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகு அவர்கள் கேட்கிற கேள்விகளே வேறு.

இரண்டாம் வாரம் அப்போஸ்தலர் 15. இதற்கு நிறைய நேரம் கொடுங்கள். புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா? பேதுருவையே பவுல் முகமுகமாக எதிர்த்த அளவுக்குச் சண்டை (கலாத்தியர் 2). 49 வாக்கில் எருசலேமில் கூடிப் பேசி, யாக்கோபு தீர்ப்புச் சொல்லி, விருத்தசேதனம் வேண்டியதில்லை, விக்கிரகங்களுக்குப் படைத்தது, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகிய நான்கை மட்டும் விலக்கினால் போதும் என்று கடிதம் அனுப்பினார்கள். வகுப்பை இரண்டு கட்சியாக்கி வாதாட விடுங்கள். தாளில் அந்த இடத்தில் கோடு வளைய வேண்டும், பிரியக் கூடாது. முதல் பெரிய சண்டையில் சபை உடையவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

இங்கேயே ஒரு சொல்லையும் சொல்லிவிடுங்கள். இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தியோகியா ஆயர் இக்னேஷியஸைக் காட்டுமிருகங்களுக்குப் போட ரோமுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் சிமிர்னா சபைக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் ‘கத்தோலிக்க சபை’ என்ற தொடர் முதலில் வருகிறது. நம் விசுவாசப் பிரமாணத்தில் ‘பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை’ என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அதே சொல்; ‘கத்தோலிக்க’ என்றால் ‘பொதுவான’ என்றுதான் பொருள். “ஆர்.சி.யா, கிறிஸ்டியனா?” என்று நம்மூரில் கேட்கிற பழக்கம் பிள்ளைகளிடம் அன்றே நின்றுபோகும். இதைச் சொன்ன நாளில் அந்தப் பெண் நோட்டில் அந்த வரிக்கு அடியில் இரண்டு தரம் கோடு போட்டாள்.

மூன்றாம் வாரத்திலிருந்து பிரிவுகள். இதில்தான் தமிழ் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது.

325, நிக்கேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம். குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவரா? அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் மறுத்தார், சங்கம் ‘ஒரே’ என்றது. ‘ஒத்த’ என்றால் போதாதா என்ற வாதம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. கிரேக்கத்தில் இரண்டு சொல்லுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 431இல் எபேசுவில் மரியாளைத் ‘தேவனைப் பெற்றவள்’ எனலாமா என்ற கேள்வி. எனலாம் என்ற அந்தச் சங்கத்தைப் பாரசீக அரசின் கீழ் இருந்த கீழைச் சபை தன்னுடையதாக ஏற்கவில்லை. அதற்கு ஒரு கிளை.

451, கல்கெதோன். இங்கே நிதானமாக நில்லுங்கள். கிறிஸ்து ‘இரு இயல்புகளில்’ இருக்கிறார் என்றது சங்கம். ‘இரு இயல்புகளிலிருந்து’ என்பதே சரி என்றது எகிப்தின் பக்கம். பலகையில் இரண்டு வாக்கியம் எழுதுவேன்: நெல் வயலில் இருக்கிறது. நெல் வயலிலிருந்து வந்தது. முதலாவது ஏழாம் வேற்றுமை, இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. அடுத்தது ஐந்தாம் வேற்றுமை, எங்கிருந்து என்பதோடு நின்றுவிடுகிறது. ஒன்றான பின்னும் இயல்புகள் இரண்டா, இல்லை இரண்டும் கூடி ஒன்றா? கேள்வி அவ்வளவுதான். இரு பக்கமும் அவரை முழுத் தேவன், முழு மனிதன் என்றே அறிக்கையிட்டார்கள். எகிப்தின் கோப்து சபை, சிரியா, எத்தியோப்பியா, ஆர்மீனியா சபைகள் இந்தக் கிளை. ஆர்மீனியர்கள் அந்தச் சங்கத்துக்கு வரவே இல்லை. அந்த வருஷம் அவர்கள் பாரசீகரோடு போரில் இருந்தார்கள். இதைத் தவறாமல் சொல்லுங்கள். அரசியலும் தூரமும் மொழியும் சேர்ந்துதான் கிளையை முறித்தன.

1054, ஓர் ‘உம்’. ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்பது பழைய விசுவாசப் பிரமாணம். ‘குமாரனிடமிருந்தும்’ என்று மேற்கு சேர்த்துக்கொண்டது. யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள் என்றது கிழக்கு. ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட், கொன்ஸ்தாந்திநோபிளின் ஹாகியா சோபியா பீடத்தின் மேலேயே, கிழக்கின் தலைவரைச் சபையிலிருந்து விலக்கும் கடிதத்தை வைத்துவிட்டுப் போனார். காயம் ஆறாமல் போனதற்கு 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் அந்த நகரத்தைக் கொள்ளையடித்ததைத்தான் நான் பெரிய காரணமாகச் சொல்வேன். பரஸ்பர விலக்கை 1965இல் இரு தரப்பும் நீக்கிக்கொண்டார்கள்.

1517, ஓர் ‘ஏ’. மனிதன் நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால் மட்டுமா? அந்த வருஷம் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி லூத்தர், 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லைப் போட்டார். அந்த வசனத்தை நம் வேதாகமத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ‘விசுவாசத்தினாலேயே’ என்றிருக்கும். அந்தக் கடைசி ஏகாரத்துக்கு இலக்கணத்தில் பெயர் பிரிநிலை ஏகாரம். பெயரைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். இதே கேள்வியைப் பற்றி 1999இல் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வேகமாகப் போகலாம். 1525, சூரிக்: ஞானஸ்நானம் எந்த வயதில்? 1534, இங்கிலாந்து: சபைக்குப் பூமியில் தலைவர் போப்பா, ராஜாவா? 1906, லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெரு, கறுப்பின ஊழியர் வில்லியம் சீமோர்: எருசலேமில் அன்று நடந்தது இன்றும் நடக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தாளின் தலைப்புக்கு ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். பிறகு 1947 செப்டம்பர் 27. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைக் கோடுகள் மூன்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. தொடங்கிய நாள் அது. அதுவரை பிரிந்துகொண்டே வந்த கோடுகள் சேர்வதைப் பார்த்து ஒரு வருஷம் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் கடைசி வாரம் ஒரு நாள் வெளியே அழைத்துப் போங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். முதலில் பரங்கிமலை. பீடத்தில் இருக்கும் கற்சிலுவையைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து இருக்கிறது. பாரசீகக் கிறிஸ்தவர்களின் தடம் அது. அடுத்து கதீட்ரல். முடிவில் பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு. 1772இல் கட்டிய அந்த ஆலயத்தில் கூடுவதற்குச் சபை இப்போது இல்லை. முற்றத்தில் கல்லறைக் கற்கள் தரையோடு பதிந்திருக்கின்றன, அவற்றில் ஆர்மீனிய எழுத்து. பிள்ளைகள் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார்கள். தாளை அங்கேயே விரித்து, 451க்குப் பக்கத்தில் ‘ஆர்மீனியன் தெரு, சென்னை’ என்று அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள்.