ஓய்வுபெற்ற நீதிபதிகளை மீண்டும் அமர்த்துதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகளைத் தற்காலிகமாக மீண்டும் அழைக்க வழிசெய்வது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 224ஏ பிரிவு. இதைப் பற்றி எழுதுவோர் பலர் பிரிவின் எண்ணிலேயே இடறுகிறார்கள். கூடுதல் நீதிபதிகளைப் பற்றிப் பேசுவது 224. ஓய்வுபெற்றவர்களை உச்சநீதிமன்றத்துக்கு அழைப்பது 128.

இது அண்மையில் முளைத்த ஏற்பாடு என்பதும் பிழை. 1963-இல் 15-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட இப்பிரிவின்படி, 1982-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பி. வேணுகோபாலும், 2007-இல் அயோத்தி வழக்குகளுக்காக அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஓ.பி. ஸ்ரீவஸ்தவாவும் அமர்ந்தார்கள்.

எல்லாவற்றினும் பெரிய குழப்பம் ‘நியமனம்’ என்ற சொல்லிலிருந்து பிறக்கிறது. சட்டம் சொல்வது வேண்டுகோள்: குடியரசுத் தலைவரின் முன் இசைவைப் பெற்று, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி வேண்டுகிறார், அழைக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே அமர்கிறார். அமரும் காலத்தில் நீதிபதிக்குரிய அதிகார வரம்பும் சிறப்புரிமைகளும் அவருக்கு உண்டு என்றாலும், மற்ற வகைகளில் அவர் அந்நீதிமன்றத்தின் நீதிபதியாகக் கருதப்படுவதில்லை. ஆகவே 62 வயது என்ற ஓய்வு வரம்பு அவருக்காக நீட்டிக்கப்பட்டதாக எழுதுவது தவறு. அவர் பெறுவதும் குடியரசுத் தலைவர் ஆணையால் வரையறுக்கும் படிகளையே.

பழைய நிபந்தனைகளை இன்றும் நடப்பிலிருப்பவை போல எடுத்துரைப்பது இன்னொரு தவறு. லோக் பிரஹரி என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் 2021 ஏப்ரல் 20 அன்று உச்சநீதிமன்றம் வகுத்த நெறிகளுள், காலியிடங்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் இவர்களை அழைக்கலாம் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 30 ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டது. நிலுவையிலுள்ள குற்றவியல் மேல்முறையீடுகளை மனத்தில் கொண்டு பிறந்த அந்த ஆணை, தற்காலிக நீதிபதிகளின் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறியது. எனவே தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு, பின்வந்த ஆணைகளைப் படிக்காமல் எழுதக் கூடாது.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது, காலியிடங்களை நிரப்பாமல் விட்டதற்கு இதையே ஈடாகக் காட்டும் போக்கு. வழக்கமான நியமனத்துக்கு இது மாற்றாகாது என்பதை 2021 தீர்ப்பே தெளிவுபடுத்தியது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் திரும்பிச் செல்பவர்கள் பழைய நிலுவையைக் குறைக்கலாம். நாள்தோறும் வந்து சேரும் புதிய வழக்குகளுக்கு முழுநேர நீதிபதிகளே வேண்டும். ஆகையால் ஓர் உயர்நீதிமன்றம் தற்காலிக நீதிபதிகளை நாடும் செய்தியைத் தரும்போது, அங்கே எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, அவற்றுள் எத்தனைக்குக் கொலீஜியம் (நீதிபதிகளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) பெயர்களைப் பரிந்துரைத்திருக்கிறது என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே தர வேண்டும்.