ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் வீகன்களுக்கு: மொழியைப் பாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ஜெர்மன் மொழியை எப்படிச் சமாளிப்பது, வீகனாக, அதாவது பால், முட்டை, இறைச்சி, தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாமல், அங்கே எப்படிச் சாப்பிடுவது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள் என்பேன். ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பில் "என் பெயர் இது, என் ஊர் இது" என்று இரண்டு மாதம் ஓட்டுவார்கள், ஆனால் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு பிஸ்கட் இல்லை, அதனால் அந்தச் சொற்கள் தானாகவே மண்டையில் ஏறிவிடும்.

நான் போன முதல் வாரம் "லாக்டோஸ்ஃப்ரை" என்று போட்ட தயிர் டப்பாவைப் பார்த்து, ஃப்ரை என்றால் இல்லாதது, ஆக பால் இல்லாத தயிர் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, தயிர்சாதம் பிசைந்து மாங்காய் ஊறுகாயோடு முழுத் தட்டும் சாப்பிட்டேன். அது அசல் மாட்டுப் பால் தயிர். லாக்டோஸ் என்ற சர்க்கரையை மட்டும் நொதி சேர்த்து உடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய சொல் "ஃப்லான்ஸ்லிஷ்", அதாவது தாவரத்திலிருந்து வந்தது. அல்லது நேராக "வெகான்", வீகனை அங்கே அப்படித்தான் உச்சரிப்பார்கள். ஓட்ஸ் பாலைத் தேடும்போது பால் என்ற சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. தாவரப் பொருளுக்குப் பால், வெண்ணெய், சீஸ் என்று பெயர் வைத்து விற்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டதால் அட்டையில் "ஹாஃபர் ட்ரிங்க்" (ஓட்ஸ் பானம்) என்றுதான் இருக்கும். தேங்காய்ப் பால் போன்ற சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சரி, பின்பக்கம். ஐரோப்பிய விதிப்படி 2014 டிசம்பரிலிருந்து, ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களை உட்பொருள் பட்டியலில் எடுப்பாகக் காட்ட வேண்டும், பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பாலும் முட்டையும் அந்தப் பதினான்கில் அடக்கம். அதனால் முதலில் தடித்த எழுத்தை மட்டும் பாருங்கள்: மில்ஷ் (பால்), ஸானெ (க்ரீம்), புட்டர், மோல்க (பால் திரிந்தால் தெளிந்து நிற்கும் நீர், சிப்ஸ் மசாலாவில்கூடப் பொடியாகச் சேர்ப்பார்கள்). முட்டைக்கு "ஐ", பன்மையில் "ஐயர்". ஆமாம், ஐயர்தான். ஒரு தடவை கேட்ட தமிழருக்கு இந்தச் சொல் ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் தேன் (ஹோனிஷ்), ஜெலட்டின், பன்றிக்கொழுப்பு (ஷ்மால்ட்ஸ்) இவையெல்லாம் அந்தப் பதினான்கில் வராது, தடித்த எழுத்தில் இருக்காது, முழுப் பட்டியலையும் ஒருமுறை ஓட்டித்தான் ஆக வேண்டும். கடைசியில் "ஷ்பூரன்" என்று ஒரு வரி வந்தால் அது அதே ஆலையில் பால் புழங்குவதால் துளி கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை மட்டுமே. நான் அதைக் கண்டுகொள்வதில்லை, நீங்கள் எப்படியோ.

எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. பருப்புப் பாக்கெட்டின் சத்து அட்டவணையில்கூட "ஐவைஸ்" என்று இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் முட்டை வெள்ளை. அட, பருப்பில் முட்டையா என்று பதறி வைத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அது புரதம். சத்து அட்டவணையில் வந்தால் புரதம், உட்பொருள் பட்டியலில் கோழியின் பெயரோடு சேர்ந்து வந்தால்தான் முட்டை. அதே மாதிரி ஆலிவ் பாட்டிலில் "மில்ஷ்ஸொய்ர" என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது லாக்டிக் அமிலம், பொதுவாக நுண்ணுயிரை வைத்துச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பது.

இங்கேதான் இலக்கணமும் வருகிறது. ஜெர்மனில் சொற்களை நம்ம சாம்பார்ப்பொடி மாதிரி ஒட்டிக்கொண்டே போவார்கள், நீளத்தைப் பார்த்து மிரளாமல் வலது பக்கத்திலிருந்து உடையுங்கள். மாகர்மில்ஷ்புல்வர்: புல்வர் பொடி, மில்ஷ் பால், மாகர் கொழுப்பு நீக்கியது. கடைசியில் நிற்கும் சொல்தான் பொருள் என்ன என்று சொல்லும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் அல்லாதது) இவற்றில் எது வரும் என்பதையும் அதுவே முடிவுசெய்யும். பால் "டீ மில்ஷ்", பொடி "டாஸ் புல்வர்", ஆக பால்பொடி "டாஸ்". இந்த ஒரு விதியை நான் வகுப்பில் கேட்டு மறந்து, கடை அலமாரி முன்னால் நின்றுதான் புரிந்துகொண்டேன். தினம் ஒரு பாக்கெட்டைப் போட்டோ எடுத்து ராத்திரி ஐந்து சொல் எழுதிவையுங்கள், போதும். இதோடு டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவசப் பாடமான "நிகோஸ் வேக்", ஏ1 முதல் பி1 என்ற இடைநிலை வரை இருக்கிறது, அதையும் ஓட்டுங்கள்.

பேச்சுக்கு ஃபலாஃபெல் கடையைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஃபலாஃபெல் கொண்டைக்கடலை வடைதான், ஆனால் மேலே ஊற்றும் சாஸில் தயிர் இருக்கும். "ஓனெ யோகுர்ட்ஸோஸ, பிட்ட" (தயிர் சாஸ் வேண்டாம், ப்ளீஸ்) என்று சொல்லிப் பாருங்கள். ஓனெ என்றால் இல்லாமல், மிட் என்றால் சேர்த்து. இந்த இரண்டை வைத்தே பாதி ஊரைச் சமாளிக்கலாம். உங்கள் தடுமாற்றத்தைப் பார்த்து அவர் ஆங்கிலத்துக்குத் தாவினால் நீங்களும் தாவாதீர்கள், ஜெர்மனிலேயே முடியுங்கள். நம்ம நீ, நீங்கள் மாதிரியே அங்கே டூ, ஸீ. கூடப் படிப்பவர்களிடம் டூ, கடைக்காரரிடமும் பேராசிரியரிடமும் ஸீ. பேக்கரியில் ப்ரேட்செல் (முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் ரொட்டி) வாங்கும்போதும் கேட்டுவிடுங்கள், சில இடங்களில் மாவில் வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ சேர்ப்பார்கள்.

மதியத்துக்கு மென்ஸா, அதாவது பல்கலைக்கழக கேன்டீன். மாணவர் அட்டைக்கு விலை குறைவு, பட்டியலில் வீகன் குறி இருக்கும். பெர்லினில் 2021 அக்டோபரிலிருந்து மென்ஸாக்களின் உணவில் பெரும்பங்கு வீகன்தான். சிறிய ஊர்களில் சில நாள் உருளைக்கிழங்கும் சாலட்டும்தான் வாய்க்கும், அன்றைக்குத் திட்டிக்கொண்டே சாப்பிடுங்கள்.

சமையலில் நம்ம ஆட்களுக்கு ஒரு பெரிய வசதி: நெய்யை நிறுத்தினால் சாம்பார், ரசம், புளிக்குழம்பு, இட்லி எல்லாமே வீகன். துவரம்பருப்பு ஏசியன் கடையில் விலை கூடுதல், துருக்கிக் கடையில் "ரோட்ட லின்ஸன்" என்று கேட்டால் மைசூர் பருப்பு கிடைக்கும், குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் குழையும், சாம்பாருக்குத் தாராளமாகப் போதும். விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய தொகையை (2024 செப்டம்பரில் மாதம் 992 யூரோ ஆனது) மட்டும் வைத்து வருபவர்களுக்கு இந்த மாதிரி மாற்றுகள்தான் கைகொடுக்கும். இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க மாவை உள்ளே வையுங்கள், காலையில் பொங்கி நிற்கும் (அடியில் ஒரு தட்டு வைக்க மறந்தால் ஓவனைக் கழுவுவது உங்கள் பொறுப்பு). தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, மிளகாயைக் கடைசியாகப் போட்டு உடனே மூடிவிடுங்கள். நான் ஒரு ஞாயிறு காலை கடுகும் வரமிளகாயும் தாளித்ததில் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, கூடக் குடியிருந்த நான்கு பேரும் படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்தார்கள். "ரௌஹ்மெல்டர்" என்ற சொல் அன்றைக்கு எனக்கு மனப்பாடம் ஆனது.

வைட்டமின் பி12ஐ மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். பருப்பிலும் கீரையிலும் இட்லியிலும் அது கிடைக்காது. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்கிறது, வீகன்கள் மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் ரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்திருந்தால் டாக்டரிடம் கேட்டு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அங்கே மருந்துக்கடைக்குப் போக வேண்டாம், டிஎம், ரோஸ்மான் போன்ற கடைகளில் சோப்பு, ஷாம்பு விற்கும் அதே இடத்தில் மலிவாக இருக்கும். வாங்குவதைச் சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள், ஞாயிறு கடை திறக்காது.