ஐரீன் பாப்பாஸ் பற்றி எழுதப் போகிறீர்களா? இந்தத் தப்புகளைத் தவிருங்கள்

திரைப்படக் கழகங்களுக்குக் குறிப்பு எழுத வரும் புதியவர்களிடம் கிரேக்க நடிகை ஐரீன் பாப்பாஸ் என்றால் உடனே இரண்டு படம் சொல்வார்கள்: ‘ஸோர்பா தி கிரீக்’, ‘இஸட்’. இரண்டிலும் அவர் பேசுவது சொற்பம். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுக்கு மேல் நீண்ட ஒரு நடிப்பு வாழ்க்கையை எழுத உட்காரும்போது தப்புகள் வரிசைகட்டி வருகின்றன. எழுத்துப்பிழைகளை விட்டுவிடலாம், யாராவது திருத்திவிடுவார்கள். இவை யார் கண்ணிலும் படாமல் அச்சாகிவிடுகிறவை.

வயது

பிறந்த ஆண்டு 1926 என்றும் 1929 என்றும் இரண்டு விதமாக அச்சில் கிடைக்கிறது. இறந்தது 2022 செப்டம்பர் 14. முதல் ஆண்டை எடுத்தால் வயது 96, இரண்டாவதை எடுத்தால் 93. ஒன்றிலிருந்து ஆண்டையும் இன்னொன்றிலிருந்து வயதையும் எடுத்து ஒட்டாதீர்கள்.

ஆஸ்கர்

வாங்கவில்லை. ‘ஸோர்பா’வுக்காகத் துணை நடிகை ஆஸ்கர் பெற்றவர் மேடம் ஹோர்டென்ஸாக நடித்த லீலா கெட்ரோவா. பாப்பாஸ் பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைப் பட்டியலில் வந்ததில்லை.

வசனத்தை வைத்து அளப்பது

‘ஸோர்பா’வில் (1964) அவருக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் ‘விதவை’. “சிறிய வேடம்” என்று எழுதித் தள்ளிவிடுகிறார்கள். தேவாலயத்துக்கு வெளியே ஊரே அவரை மடக்கும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கத்தியோடு வந்தவனை ஸோர்பா மடக்கிவிடுகிறான். தப்பித்துவிட்டாள் என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில், அவள்மேல் கொண்ட காதலால் உயிரைவிட்ட பையனின் அப்பன் அவள் கழுத்தை அறுக்கிறான். அந்தக் காட்சியைத் தாங்குவது அவருடைய கண்ணும் உடம்பும்தான். ‘இஸட்’ படத்தின் (1969) கடைசியிலும் அப்படியே. அதிகாரிகள்மேல் குற்றம் சாட்டப்பட்டுவிட்டது என்ற நல்ல சேதியைச் சொல்ல ஒருவர் ஓடிவருகிறார். கொலையுண்ட அரசியல்வாதியின் மனைவியாக வரும் பாப்பாஸின் முகத்தில் மகிழ்ச்சி வரவே இல்லை. அடுத்து நடக்கப்போவதை நமக்கு முன்னாடியே தெரிந்துகொண்ட முகம் அது.

மூன்று படத்தையும் ஒரே பாத்திரமாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும் தப்பு இதுதான். “இயக்குநர் காக்கோயானிஸின் முப்படங்களில் துயரமே உருவான கிரேக்கப் பெண்ணாக வாழ்ந்துகாட்டினார்” என்று ஒரே வரியில் முடிப்பது. அந்த ஒரு வரியில் அவருடைய சாதனை முழுக்கக் காணாமல் போகிறது.

மூன்றும் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸின் நாடகங்கள். மூன்றுக்கும் இசை மிக்கிஸ் தியோடராகிஸ். ஆனால் பாப்பாஸ் ஏற்றவை மூன்று வெவ்வேறு பெண்கள், அதுவும் ஒரே குடும்பத்துக்குள் எதிரெதிராக நிற்பவர்கள். ‘எலெக்ட்ரா’வில் (1962) அப்பனைக் கொன்ற தாயைப் பழிவாங்கும் மகள். ‘தி ட்ரோஜன் விமன்’ படத்தில் (1971) ஹெலன், அதாவது அந்தத் தாயின் தங்கை. ‘இஃபிஜீனியா’வில் (1977) அந்தத் தாயே, க்ளைடெம்னெஸ்ட்ரா.

கதை வரிசையோ தலைகீழ். எலெக்ட்ராவின் அக்கா இஃபிஜீனியாவின் பலி டிராய்ப் போருக்கு முன்பு, டிராய் வீழ்ந்தது அதற்குப் பிறகு, எலெக்ட்ராவின் பழி எல்லாவற்றுக்கும் கடைசி. எடுத்த வரிசையே கதை வரிசை என்று நினைத்துச் சுருக்கம் எழுதினால், 1962இல் செத்த தாய் 1977இல் உயிரோடு எழுந்து வருவாள். அப்படி அச்சான குறிப்புகள் உண்டு. திரையிடும்போது எடுத்த வரிசையிலேயே போடுங்கள், அதுதான் நடிகையின் வளர்ச்சியைக் காட்டும். ஆனால் குறிப்பின் முதல் பத்தியிலேயே கதை வரிசையைச் சொல்லிவிட வேண்டும். மூன்றும் சேர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரே நாளில் திணித்தால் மூன்றாவது படத்துக்கு நாற்காலிகள்தான் மிஞ்சும்.

‘எலெக்ட்ரா’ கறுப்பு வெள்ளை. அப்பன் அகமெம்னனின் கொலையில் தொடங்குகிறது, மகளின் பக்கம் நின்றுதான் நாம் அதைப் பார்க்கிறோம். பதினைந்து ஆண்டு கழித்து ‘இஃபிஜீனியா’வில் அதே நடிகை மறுபக்கத்திலிருந்து பேசுகிறார். டிராய்க்குக் கப்பல்கள் கிளம்பக் காற்று வீச வேண்டும் என்பதற்காகப் பெற்ற மகளையே பலி கொடுக்கச் சம்மதித்தவன் அந்த அகமெம்னன். கடைசியில் காற்று எழும்போது, கிளம்பும் கப்பல்களை க்ளைடெம்னெஸ்ட்ரா பார்க்கிறாளே ஒரு பார்வை, 1962 படத்தின் முதல் காட்சிக் கொலைக்கான காரணம் அதில் இருக்கிறது. ஒரே வழக்கில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்ற நடிகையைத் “துயரப் பெண்” என்று சுருக்கினால் எப்படி?

நடுவில் வரும் ஹெலனிடம் துயரம் தேடினாலும் கிடைக்காது. முதலில் மரப்பலகைகளின் இடுக்கில் கண் மட்டும் தெரிகிறது. தாகத்தில் தவிக்கும் டிராய்ப் பெண்களின் கண்ணெதிரே, தனக்குக் கிடைத்த தண்ணீரில் உடம்பு கழுவுகிறாள். அவர்கள் கல்லெறிகிறார்கள். கேதரின் ஹெப்பர்ன், வனெஸ்ஸா ரெட்கிரேவ் நடித்த படத்தில், அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ 1971க்கான சிறந்த நடிகை விருதைப் பாப்பாஸுக்குத்தான் கொடுத்தது. இது ஆங்கிலப் படம், எடுத்தது ஸ்பெயினில். கிரீஸ் அப்போது ராணுவ ஆட்சியின் பிடியில். “கிரேக்க மொழிப் படங்கள் மூன்று” என்று எழுதினால் அதுவும் தப்பு.

இந்தப் பட்டியலில் பாப்பாஸ் நடித்த ‘ஆன்டிகனி’யைச் (1961) சேர்க்கவே கூடாது. நாடகம் சோஃபோக்ளிஸுடையது, இயக்கம் யோர்கோஸ் ஜாவெல்லாஸ்.

மேடையை மறப்பது

ஏதென்ஸ் அரச நாடகப் பள்ளியில் படித்தவர். 1967இல் நியூயார்க்கின் சர்க்கிள் இன் தி ஸ்கொயர் அரங்கில், காக்கோயானிஸ் இயக்கத்திலேயே க்ளைடெம்னெஸ்ட்ராவாக மேடையேறிவிட்டார். 1977 படத்தில் காணும் நிதானத்துக்குப் பின்னால் பத்தாண்டுப் பழக்கம் இருக்கிறது. 1973இல் ‘மெடியா’, 1980இல் ‘தி பக்கே’, இரண்டும் அதே அமைப்பின் மேடையில்.

மெலினா மெர்கூரியோடு குழப்புவது

ராணுவ ஆட்சி குடியுரிமையைப் பறித்து, பிறகு 1981இல் பண்பாட்டு அமைச்சரானவர் இன்னொரு கிரேக்க நடிகையான மெர்கூரி. பாப்பாஸும் ஆட்சியை எதிர்த்து வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்பதால் இரண்டு கதையும் ஒட்டிக்கொள்கிறது.

‘இஸட்’ எந்த நாட்டுப் படம்?

கிரேக்கக் கதை, பிரெஞ்சு வசனம், அல்ஜீரியாவில் படப்பிடிப்பு. வேற்றுமொழிப் பட ஆஸ்கரும் அல்ஜீரியா பெயரில்தான்.

பிராண்டோ

நடிகர் மார்லன் பிராண்டோவோடு அவருக்கிருந்த காதலுக்கு ஒரு வரி போதும்.

பாட்டை விட்டுவிடுவது

இசையமைப்பாளர் வாங்கெலிஸுடன் ‘ஓட்ஸ்’ (1979), ‘ராப்ஸடீஸ்’ (1986) என்று இரண்டு முழு இசைத்தொகுப்புகள். ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

‘தி மெசேஜ்’

இந்தப் படத்தை (1976) இயக்குநர் முஸ்தஃபா அக்காத் ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனியாக, வேறு வேறு நடிகர்களை வைத்து எடுத்தார். ஹிந்த் பாத்திரத்தில் பாப்பாஸ் இருப்பது ஆங்கிலத்தில் மட்டும், அரபியில் முனா வாஸிஃப். அரபிப் பதிப்பின் காட்சிப் படத்தைப் போட்டுக் கீழே பாப்பாஸ் பெயரை எழுதுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. படத்தை எடுத்த இடத்தில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் பெயர் போடுங்கள்.